மீதிங்க்ஸ்: நினைப்பு அன்று, தோற்றம்

போன மாதம் ஒரு மேடையில் மறுபடியும் அதைக் கேட்டேன். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் தமிழ் வடிவத்தில் ஹாம்லெட் மேகத்தைக் கைகாட்டிச் சொல்கிறான்: "அது கீரியைப் போல இருப்பதாக நான் நினைக்கிறேன்." ஆங்கில மூலத்தில் இருப்பது 'மீதிங்க்ஸ்' (methinks) என்ற பழஞ்சொல். வீசல் என்ற விலங்கைக் கீரியாக்கியதைக்கூடப் பொறுக்கலாம். 'நினைக்கிறேன்' பொறுக்க முடியவில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'தென்ச்சன்' என்றால் எண்ணுதல், 'தின்ச்சன்' என்றால் தோன்றுதல். பின்னாளில் இரண்டும் 'திங்க்' என்ற ஒரே வடிவமாகிவிட்டன. ஜெர்மனில் இன்றும் டெங்கன், ட்யூங்கன் என்று தனித்தனியே உள்ளன. மீதிங்க்ஸில் இருப்பது தோன்றுதல். அதிலுள்ள 'மீ' எழுவாய் அன்று, 'எனக்கு'. கடைசி 'ஸ்' அதற்குச் சாட்சி: 'ஐ திங்க்' என்னும்போது அது வராது, படர்க்கை வினைக்கே வரும்.

ஆக, 'எனக்குத் தோன்றுகிறது'. வேற்றுமை உருபு உட்பட நம் வாக்கியம். எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது, எனக்குத் தெரிகிறது என்று நாள் முழுக்கப் பேசும் நாம் இதை ஏன் கோட்டைவிடுகிறோம்? பழமை வேண்டுமென்று சிலர் 'யான் எண்ணுகின்றேன்' என்கிறார்கள். 'யான்' போட்டால் சொல் பழசாகும், பொருள் சரியாகிவிடாது.

அந்தக் காட்சியே இந்தச் சொல்லில்தான் நிற்கிறது. ஒட்டகம் என்கிறான் ஹாம்லெட். ஆமாம் என்கிறார் அரசவை அமைச்சர் பொலோனியஸ். கீரி என்றால் முதுகு அப்படித்தான் என்கிறார். திமிங்கிலம் என்றால் அதற்கும் ஆமாம். அடுத்தவன் நினைப்புக்குத் தலையாட்டுவது வெறும் முகத்துதி. அடுத்தவன் கண்ணுக்குத் தெரிவது தன் கண்ணுக்கும் தெரிகிறது என்பது, கண்ணையே அடகு வைப்பது. ஹாம்லெட் சோதிப்பது இதைத்தான். 'நினைக்கிறேன்' என்றதும் மேகம் மறைந்து, கருத்துக்கணிப்பு வந்துவிடுகிறது.

நாடகத்தோடு இது நிற்கவில்லை. படங்களின் வசன வரிகள், தொலைக்காட்சி விவாதங்கள் எங்கும் 'என்று நான் நினைக்கிறேன்' என்ற வால். என் அத்தை மொட்டைமாடியில் நின்று, "மழை வரும்போலத் தோணுது, துணியை எடு" என்பார். மழை வரும் என்று நான் நினைக்கிறேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஐயத்தைச் சொல்ல 'தோணுது', 'படுது', 'போலிருக்கு' என்று அவரிடம் மூன்று இருந்தன. மொழிபெயர்ப்பாளர் கையில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் கடன்.

என்னிடம் விட்டால் அந்த வரியை இப்படி எழுதுவேன்: "எனக்கென்னவோ கீரியாகத் தோன்றுகிறது."