பர்ன்ஸ் விருந்தைப் பரிமாறுபவர் கவனத்திற்கு

ஆலோவேயில் 1759 ஜனவரி 25 அன்று பிறந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி ஸ்காட்லாந்தெங்கும் விருந்துகள் நடைபெறுகின்றன. இத்தகைய விருந்துகளுக்குச் சமையற்கூடப் பொறுப்பேற்று வருபவன் என்ற முறையில், பாரம்பரிய உணவு எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்ற எண்ணமே அங்கே மிகுந்த ஆபத்தை விளைவிக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு விருந்தில் கருவுற்ற பெண்ணொருவர் விருந்தின் முக்கிய உணவான ஹேகிஸைப் பாதி உண்டபின், அதில் ஈரல் உண்டா என்று என்னிடம் கேட்டார். மேசையில் நாங்கள் வைத்திருந்த அட்டையில் ஹேகிஸ், நீப்ஸ் (மசித்த டர்னிப் வகைக் கிழங்கு), டாட்டீஸ் (மசித்த உருளைக்கிழங்கு) ஆகியவற்றின் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கொழுப்பு, வெங்காயம், ஓட்ஸ், மிளகு சேர்த்து உறையில் அடைத்து வேகவைப்பதே ஹேகிஸ். ஈரலில் விட்டமின் ஏ மிகுந்திருப்பதாலும் அது கருவைப் பாதிக்கக்கூடும் என்பதாலும், கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தரும் அறிவுரை. இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு. அன்று முதல் உட்பொருள்கள் அனைத்தையும் அட்டையில் எழுதுகிறோம்.

சைவ ஹேகிஸிலும் ஓட்ஸ் உண்டு. பெரும்பாலும் பருப்பு வகைகளும் விதைகளும், சிலவற்றில் கொட்டைகளும் இருக்கும். ஆகவே சைவம் என்று எழுதியிருப்பதை ஒவ்வாமை உள்ளவருக்கும் ஏற்றது என்று பொருள் கொள்ளக் கூடாது. துணியில் கட்டி வேகவைக்கும் க்ளூட்டி டம்ப்ளிங் என்ற இனிப்பில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு சேர்வதை நம்மவர் பலர் அறிவதில்லை. தட்டில் இருப்பது வெறும் பழப் புட்டிங்போலத் தோன்றுவதால் யாரும் கேட்பதுமில்லை. பரிமாறுபவரே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது சூடு. கடைகளில் கிடைக்கும் ஹேகிஸ் பெரும்பாலும் முன்பே வெந்தது என்பதால் நாம் செய்வது மீண்டும் சூடாக்கல்தான். ஸ்காட்லாந்து விதிப்படி அப்போது உணவு 82 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும், பரிமாறும் வரை 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் விருந்திலோ பேக்பைப் என்னும் ஸ்காட்டிஷ் பைக்குழல் இசையுடன் ஹேகிஸ் ஊர்வலமாக வர, பர்ன்ஸ் அதைப் போற்றி எழுதிய கவிதையின் எட்டுப் பத்திகளையும் ஒருவர் உணர்ச்சியோடு முழங்குவார். அந்தச் சடங்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. அதை அவசரப்படுத்த வேண்டியதில்லை. மேடைக்கு ஒன்றை அனுப்பிவிட்டு, விருந்தினருக்கானவற்றைச் சமையற்கூடத்தில் சூடாகவே வைத்திருந்தால் போதும். கவிதையின் நடுவே ஹேகிஸை வெட்டக் கத்தி இறங்கும்போது உள்ளிருக்கும் ஆவி தெறித்துக் கையைச் சுடுவதுண்டு, ஆகவே மேடைக்கு அனுப்புமுன் மேலுறையில் சிறு கீறல் போட்டுவிடுகிறேன்.

விஸ்கி குவளைக்கு வெளியேயும் இருக்கிறது. கிரீம், ராஸ்பெர்ரி, தேன், வறுத்த ஓட்ஸ் கலந்த கிரானகனில் ஊற்றப்படும் விஸ்கி வேகாதது; குழந்தைகளுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் விஸ்கி இல்லாமல் தனியே கலந்து, வேறு வடிவக் கிண்ணத்தில் கொடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது.

நாற்பது சதவீத விஸ்கியில் 25 மில்லி லிட்டர் என்பது ஓர் அலகு மது. பல முறை வாழ்த்திக் குடிக்கும் விருந்தில் அளவுக் குவளை இல்லாமல் ஊற்றினால் கணக்கு தெரியாது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல், வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம். இங்கிலாந்தில் அது 80. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் விருந்தினர் பலர் இந்த வேறுபாட்டை அறியாததால், கடைசிப் பேருந்தின் நேரத்தை அழைப்பிதழிலேயே அச்சிடும்படி விருந்து நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.