இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் போதும்

திரையில் ஒரு ஹெட்போன். அதன் கீழே இரண்டு விலைகள்: தனியாக வாங்கினால் ஒன்று, பத்துப் பேராகச் சேர்ந்து வாங்கினால் அதில் ஏறக்குறைய பாதி. அதற்கும் கீழே ஒரு பட்டை, முக்கால் பங்குக்கு மேல் நிறைந்து நிற்கிறது. "எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள், இன்னும் இரண்டு பேர் தேவை." பக்கத்தில் ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருக்கிறது. ஹெட்போன் வாங்கும் எண்ணமே இல்லாமல் வந்தவரும் இந்த இடத்தில் சற்று நின்றுவிடுகிறார்.

இதன் பெயர் குழுக் கொள்முதல். பலர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது வணிகத்தைப் போலவே பழைய கணக்கு. அதை இணையத்துக்குக் கொண்டுவந்த முதல் தலைமுறைத் தளங்கள் 1990களின் இறுதியில் தோன்றின. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் முதலீட்டுடன் வந்த 'மெர்காட்டா' அவற்றில் ஒன்று. ஆட்கள் சேரச் சேர விலை இறங்கும் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் இறுதி விலை என்னவென்று தெரிய வாங்குபவர் காத்திருக்க வேண்டியிருந்தது. 2001 ஜனவரியில் அது கடையைச் சாத்தியது. 2008இல் சிகாகோவில் தொடங்கிய 'குரூப்பான்' அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. தள்ளுபடி விலை முதலிலேயே தெரியும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் சேர்ந்தால் எல்லோருக்கும் அந்த விலை. சேராவிட்டால் யாருக்கும் இல்லை, பணமும் எடுக்கப்படாது. விலை இறங்குமா என்ற கேள்வி போய், கூட்டம் சேருமா என்ற கேள்வி வந்தது. மனம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் வசமாகச் சிக்கிக்கொள்கிறது.

இலக்கை நெருங்க நெருங்க வேகம் கூடும் என்பதை 1930களிலேயே உளவியலாளர் கிளார்க் ஹல் எழுதிவிட்டார்; அவர் கவனித்தது உணவை நோக்கி ஓடும் எலிகளை. மனிதர்களிடம் இதை அழகாகக் காட்டியது 2006இல் வெளியான ஒரு கார் கழுவும் நிலையச் சோதனை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு, எட்டு முத்திரை சேர்ந்தால் ஒரு முறை இலவசம் என்ற அட்டை கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் பத்து முத்திரை அட்டை, ஆனால் அதில் இரண்டு முத்திரைகள் ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தன. இரு சாராருக்கும் தேவைப்பட்டது எட்டு முறைதான். முதல் பிரிவில் 19 சதவீதம் பேர் அட்டையை முடித்தார்கள், இரண்டாவது பிரிவில் 34 சதவீதம் பேர். இரண்டு வெற்று முத்திரைகள் செய்த வேலை அது. முக்கால் கிணறு தாண்டியவர் திரும்பிப் பார்ப்பதில்லை. குழுக் கொள்முதலில் இன்னும் வேடிக்கை, அந்த முக்கால் கிணற்றை நமக்காக வேறு எட்டுப் பேர் தாண்டி வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய தளங்களின் வாங்கல் தரவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, சேர்பவர்களின் எண்ணிக்கை இரண்டு இடங்களில் எகிறுவதைக் கண்டது: தேவையான எண்ணிக்கை எட்டப்படுவதற்குச் சற்று முன்பு ஒரு முறை, எட்டியவுடன் இன்னொரு முறை. முன்பு வருபவர்கள், தாங்கள் சேர்ந்தால் காரியம் முடிந்துவிடும் என்று வருகிறார்கள். பின்பு வருபவர்கள் காரியம் உறுதியான பிறகே வருகிறார்கள். ஒரே பட்டை, அவசரக்காரரையும் பிடிக்கிறது, எச்சரிக்கைக்காரரையும் பிடிக்கிறது.

இதனுடன் பேரத்தின் இன்பமும் சேர்கிறது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர், ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இரண்டு தனித்தனி ஆதாயங்கள் உண்டு என்று 1985இல் விளக்கினார். ஒன்று, பொருளால் கிடைக்கும் பயன். மற்றொன்று, நியாயமென்று நாம் நினைத்த விலையைவிடக் குறைவாகக் கொடுத்ததில் வரும் மகிழ்ச்சி. இந்த இரண்டாவதுக்குப் பொருள் தேவையே இல்லை. மேலே கோடு போட்டு அடிக்கப்பட்ட ஒரு பழைய விலை இருந்தால் போதும். வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கும் பெட்டிகளில் பல இந்த இரண்டாவது கணக்கில் வாங்கியவையே என்பது என் எண்ணம்.

ஆனால் இவையெல்லாம் முதல் முறை ஏன் வாங்குகிறோம் என்பதைத்தான் சொல்கின்றன. அதே ஆள் பத்தாவது முறையும் அதே தளத்துக்கு வருவது வேறு கதை. அதை முடிவு செய்வது, வாங்கிய பிறகு நடக்கும் கணக்குத் தீர்ப்பு.

வாடிக்கையாளரின் திருப்தி பொருளின் தரத்தை மட்டும் பொறுத்ததல்ல, அவர் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது என்று ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். அனோல் பட்டாச்சார்ஜி 2001இல் அதை இணைய வங்கிச் சேவையின் பயனர்களிடம் பொருத்திப் பார்த்தார். சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துவார்களா என்பதைக் கணிப்பதில் திருப்திக்கே முதல் இடம். 'இது எனக்குப் பயன்படுகிறது' என்ற எண்ணம் அதற்கு அடுத்துத்தான் வந்தது. குழுக் கொள்முதலைப் பற்றிப் பின்னர் வந்த பல ஆய்வுகள் இந்தச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டவை.

இங்கே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. தளம் எதிர்பார்ப்பை எவ்வளவு உயர்த்துகிறதோ, அவ்வளவு எளிதாக முதல் விற்பனை நடக்கும். அதே உயரத்திலிருந்துதான் வாடிக்கையாளர் பிறகு விழவும் வேண்டும். ஒரு முறை, இப்படியொரு தளத்தில் வாங்கிய கூப்பனுடன் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். வரவேற்பறையில் இருந்தவர் முகம் மலர்ந்தார், கைப்பேசியில் கூப்பனைக் காட்டியதும் அந்த மலர்ச்சி பாதியாகக் குறைந்தது. "கூப்பன் என்றால் இரண்டு மணிக்கு மேல்தான்" என்றார். நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. முடியை நன்றாகத்தான் வெட்டினார்கள். அந்தத் தளத்தின் பக்கம் நான் மறுபடி போகவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பைப் பார்த்துத்தானே பயப்படும், அதை மூட்டியவரை அல்ல.

கடைக்காரரின் பக்கமும் நியாயம் இருந்திருக்கலாம். பாதி விலைக்கு விற்று, அதிலும் கணிசமான பங்கைத் தளத்துக்குக் கொடுக்க வேண்டும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் உத்பல் தோலாக்கியா 2010இல் குரூப்பான் வழியாகச் சலுகை கொடுத்த 150 வணிகங்களிடம் விசாரித்தபோது, 32 சதவீதம் பேர் அது தங்களுக்கு லாபமாக இல்லை என்றார்கள். நட்டத்தில் பரிமாறுகிறவரிடம் புன்னகையை எதிர்பார்க்க முடியாது. வாக்குக் கொடுப்பது தளம், காப்பாற்ற வேண்டியது கடை. கெடும் பெயரோ இருவருக்கும்.

வாங்கியும் பயன்படுத்தாமல் போகும் கூப்பன் இன்னொரு காயம். சுசான் ஷூ, யூரி நீஸி ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பரிசுச் சீட்டைச் சிலருக்கு மூன்று வாரக் கெடுவுடனும் மற்றவர்களுக்கு இரண்டு மாதக் கெடுவுடனும் கொடுத்தார்கள். குறுகிய கெடு பெற்றவர்களில் 31 சதவீதம் பேர் பயன்படுத்தினார்கள், நீண்ட கெடு பெற்றவர்களில் 6 சதவீதம் பேர்தான். நேரம் நிறைய இருக்கிறது என்று ஒத்திப்போட்டே காலாவதியாக்கிவிட்டார்கள். தளத்துக்கு அது உழைக்காமல் வந்த பணம் போலத் தோன்றும், ஆனால் வாங்கியவர் மனத்தில் அது ஏமாந்த கணக்கில் எழுதப்படுகிறது. சீனாவில் 2010இல் தொடங்கிய 'மெய்துவான்' இதைப் புரிந்துகொண்டது. ஒரே மாதிரித் தளங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்து மோதிக்கொண்டிருந்த 2011இல், காலாவதியான கூப்பனுக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அந்தப் போரில் பெரும்பாலான தளங்கள் மறைந்தன, மெய்துவான் நிலைத்தது. காரணம் இது ஒன்றே என்று சொல்ல மாட்டேன்.

அதே சீனாவில் 2015இல் வந்த 'பின்துவோதுவோ' வேறு வழியில் போனது. முன்பின் அறியாதவர்கள் சேரும்வரை காத்திருக்காமல், குழுவை நீங்களே திரட்டுங்கள் என்றது. வாங்குபவர் இணைப்பை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்புவார். 24 மணி நேரத்துக்குள் ஆட்கள் சேர்ந்தால் குறைந்த விலை. இதனால் விளம்பரம் சித்தியிடமிருந்தோ உடன் வேலை செய்பவரிடமிருந்தோ வந்து சேர்கிறது. அறியாத கடையை நம்பத் தயங்குகிறவர் அறிந்த மனிதரை நம்புகிறார். அதோடு ஒரு கைமாற்றும் உருவாகிறது: நேற்று என் குழு நிறைய அவர் சேர்ந்தார், இன்று அவர் அனுப்பிய இணைப்பை நான் எப்படித் தட்டிக்கழிப்பது? இங்கே மீண்டும் வாங்குவதற்குத் திருப்தி கூடக் கட்டாயமில்லை, தாட்சண்யம் போதும்.

இவை எல்லாம் போதிய முறை நடந்தபின் மனம் யோசிப்பதையே குறைத்துக்கொள்கிறது. பழக்கம் வலுக்க வலுக்க, 'தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்' என்ற எண்ணத்தை வைத்து நடத்தையைக் கணிப்பது கடினமாகிறது என்று, இணையப் பயன்பாட்டைப் பற்றி 2007இல் வெளியான லிமாயெம், ஹர்ட், சுங் ஆகியோரின் ஆய்வு காட்டியது. கைவிரல் செயலியைத் திறந்துவிடும், காரணம் பிறகு வரும்.

குரூப்பான் விஷயத்தில் இது ஒரு விநோதமான இடத்தில் போய் நின்றது. அதன் சலுகைகளில் பெரும்பாலானவை தேவையான எண்ணிக்கையை எளிதாக எட்டிவிட்டதால், அந்த எண்ணிக்கை நிபந்தனையையே அது நாளடைவில் கைவிட்டது. சேர்வதற்குக் கூட்டம் தேவையில்லை, வாங்குகிறவர்கள் எப்படியும் வாங்குகிறார்கள். குழு இப்போது அதன் பெயரில் மட்டும் இருக்கிறது.