ஃபோரேஜிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

தானாக முளைத்துக் கிடக்கும் கீரை, கிழங்கு, பழம், காளான் ஆகியவற்றைச் சேகரித்து உண்பதை இப்போது ஃபோரேஜிங் என்கிறார்கள். களையெடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள் மடி நிறையக் கலவைக்கீரை கொண்டுவருவது நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பதுதான். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டி என்று அந்த மடியில் பத்துப் பதினைந்து வகை இருக்கும். அதற்கு நம்மிடம் சொல் இல்லாமலா போகும்?

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் வேர், வைக்கோலையும் கால்நடைத் தீவனத்தையும் குறித்தது. போகிற வழியில் படைகள் ஊருக்குள் புகுந்து குதிரைத் தீனியும் தானியமும் அள்ளிச் செல்வதையும் அதே சொல்லால் சொன்னார்கள். பறவைக்கும் எறும்புக்கும் ‘இரை தேடல்’ சரியாகவே பொருந்துகிறது. மனிதருக்கு ‘உணவு தேடல்’ என்று எழுதினால் பசியோடு அலைவதாகத் தொனிக்கும். எந்த வரப்பில் எந்த மாதம் எது தழைக்கும் என்று தெரிந்தவர் எதையும் தேடுவதில்லை.

நான் பரிந்துரைப்பது கொய்தல். புறநானூறு 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் தன் வீட்டு வறுமையைச் சொல்கிறார்: ‘குப்பைக் கீரை கொய்கண் அகைத்த முற்றா இளந்தளிர் கொய்துகொண்டு’. கொய்கண் என்பது முன்பு கிள்ளிய இடம். அகைத்தல் என்றால் தளிர்த்தல். முன்பே கிள்ளிய கணுவில் மறுபடி துளிர்த்ததை அவர் மனைவி திரும்பவும் கொய்கிறாள். உப்பும் மோரும் இல்லாமல் அதை வேகவைத்து உண்கிறாள். அவ்வளவு பசியிலும் அவள் செடியை வேரோடு எடுத்துவிடவில்லை என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். பொறுப்போடு சேகரிப்பது எப்படி என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. ‘பறித்தல்’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் வழிப்பறியில் இருக்கிற பறியும் அதுவே. பிடுங்கினால் செடியே போய்விடும்.

கிழங்குக்குக் கொய்தல் பொருந்தாது. அதற்கு அகழ்தல் என்ற நல்ல சொல் இருக்கிறது. தோண்டும்போது கொடியின் தலைப்பகுதியைக் குழியிலேயே விட்டு மண் மூடிவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி கொடி ஓடும்.

கொய்தலுக்குத் துணையாக இன்னொரு சொல்லும் வேண்டும்: ஆய்தல். வீட்டில் கீரை ஆய்கிறோம், ஆராய்ச்சி செய்கிறோம். இரண்டும் ஒரே வினைதான். பழுப்பை, முற்றலை, வேண்டாத இலையை ஒதுக்குவதோடு, இது இன்ன செடிதானா என்று பார்ப்பதும் ஆய்தல். செங்காந்தளின் கிழங்கைச் சாதாரணக் கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. படத்தையோ கைப்பேசிச் செயலியையோ மட்டும் நம்பி வாயில் வைக்காதீர்கள். அந்தச் செடியைத் தின்று வளர்ந்தவர் ஒருவரோடு நடந்து, இலை, தண்டு, பூ எல்லாவற்றையும் பார்த்துப் பழகுங்கள். சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி அடித்த வரப்பிலும் நல்ல கீரையே முளைத்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், காப்புக்காட்டில் நாம் போய்க் கொய்ய முடியாது. காட்டில் வாழும் மக்களுக்குத் தேன், கிழங்கு போன்ற சிறு வனமகசூலைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. அது அவர்களுடைய பங்கு. நமக்கு வரப்பும் வேலியும் போதும். அங்கே செய்வதைக் ‘கீரை கொய்தல்’ என்றே எழுதுவோம். பழம், காளான் எல்லாம் சேர்த்துச் சொல்ல ‘காட்டுணவு கொய்தல்’ எனலாம்.