இருபதாயிரம் மரபணுக்களும் நூறு நோயாளிகளும்

காரைக்குடியில் திசுப் பரிசோதனை பார்க்கும் மருத்துவர் நான். மார்பகப் புற்றுநோய் என்று அறிக்கை போன பிறகு, சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மகன் கூப்பிடுவார்: "டாக்டர், நோய் திரும்புமான்னு சொல்ற ஜீன் கண்டுபிடிச்சிருக்காங்களாமே, எங்க ஆத்தாவுக்கும் பாத்துடலாமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி வரும் செய்திகள் பலவற்றின் பின்னால் உள்ள கணக்கு பலவீனமானது.

நம் உடலில் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. ஒரு கட்டியில் அவை ஒவ்வொன்றும் எவ்வளவு முனைப்பாக இயங்குகின்றன என்பதை ஒரே சோதனையில் அளந்துவிடலாம். ஆய்வில் உள்ள நோயாளிகளோ சில சமயம் நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். நோய் திரும்பியவர்களையும் திரும்பாதவர்களையும் வழக்கமான 5 சதவீத வரம்பில் (தொடர்பே இல்லாதவற்றில் நூறுக்கு ஐந்து தற்செயலாகத் தேறிவிட இடம்கொடுக்கும் வரம்பு) ஒப்பிட்டால், எதற்குமே நோயோடு தொடர்பில்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் தொடர்புள்ளவை போல வந்து நிற்கும். இந்தப் பொய்களின் பங்கை மட்டுப்படுத்தும் வழியை 1995-இல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் என்ற இரு புள்ளியியலாளர்கள் தந்தார்கள்.

அதோடு தீர்ந்துவிடவில்லை. மரபணுக்களைத் தேர்ந்தெடுத்த அதே நோயாளிகளிடமே அவற்றைச் சோதித்துப் பார்ப்பது, கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது போன்றது. மரபணுக்களை வைத்துப் புற்றுநோயின் போக்கைக் கணிக்க முயன்ற பேர்பெற்ற ஏழு ஆய்வுகளின் தரவை மறுபடி அலசிய கட்டுரை 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அவற்றில் ஐந்து, குருட்டு ஊகத்தைவிட மேலாக இல்லை! 2011-இல் இன்னொரு குழு, கண்ணை மூடிப் பொறுக்கிய மரபணுக் கூட்டங்கள்கூட மார்பகப் புற்றுநோயின் போக்கோடு ஒத்துப்போவதைக் காட்டியது. நோயின் போக்கோடு தொடர்புள்ள செல் பெருகும் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் மரபணுக்கள் அவ்வளவு இருக்கின்றன.

அப்புறம் திசு. வெட்டியெடுத்ததை திசுவைக் கெடாமல் காக்கும் பார்மலினில் உடனே போடாமல் சித்திரை வெயிலில் தேவகோட்டையிலிருந்து கொண்டுவந்தால் மரபணுவின் இயக்கத்தை அளக்க உதவும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு சிதையும். ஒரு பிரிவினரின் திசு இப்படியும் மற்றவர்களுடையது ஒழுங்காகவும் வந்தால், தெரியும் வித்தியாசம் நோயுடையதாக இருக்காது.

முறையாகத் தேறிய சோதனைகளும் உண்டு. 21 மரபணுக்களை அளந்து, நோய் திரும்பும் வாய்ப்பை மதிப்பெண்ணாகச் சொல்லும் சோதனையை 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உள்ள, ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இல்லாத, நெறிக்கட்டிக்குப் பரவாத புற்றுநோயில், நடுத்தர மதிப்பெண் பெற்ற பெரும்பாலோருக்குக் கீமோ கூடுதல் பலன் தரவில்லை. 50 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது.

ஆகவே கூப்பிடும் மகன்களிடம் முதலில் ஆத்தாவின் ஹார்மோன், ஹெர்-2 அறிக்கையைத்தான் கேட்பேன். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகை இல்லையென்றால் அந்த 21 மரபணுச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த வகைதான் என்றால், ஆய்வகத்தில் இருக்கும், கட்டியின் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையைக் கேட்டு வாங்குங்கள். சோதனை அதில்தான் நடக்கும்.