ஹெல்சின்கி துறைமுகம் ஏன் உறைகிறது?

நார்வேயின் பெர்கன், பின்லாந்தின் ஹெல்சின்கி இரண்டுமே ஏறக்குறைய 60 டிகிரி வட அட்சரேகையில் உள்ள துறைமுக நகரங்கள். ஜனவரியில் பெர்கன் துறைமுகத்தில் பெரும்பாலும் மழைதான்; கடல் உறைவதில்லை. ஹெல்சின்கியிலோ, குளிர் கடுமையான ஆண்டுகளில் ஜனங்கள் கடல்மேல் நடந்து போகிறார்கள்.

அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் பெர்கனைக் காக்கிறது என்பது பலரும் அறிந்ததுதான். எனக்கு அதைவிட அழகாகத் தெரிவது இன்னொரு காரணம்: உப்பு.

பெருங்கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அந்த நீர் குளிரக் குளிர அடர்த்தி கூடி, உறையும்வரை கனத்துக்கொண்டே போகும். மேலே குளிர்ந்த நீர் மூழ்கும், கீழிருக்கும் வெப்பமான நீர் மேலே வரும். ஆகவே உறைவதற்கு முன் ஆழமான ஓர் அடுக்கு முழுவதும் குளிர்ந்தாக வேண்டும்.

பின்லாந்து வளைகுடாவின் கதை வேறு. ஆற்று நீர் ஏராளமாகச் சேர்வதால் ஹெல்சின்கி அருகே உப்பு 5, 6 கிராம்தான். இந்த நீர் 3 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே மிகக் கனமாகிவிடும். அதற்கு மேலும் குளிர்ந்தால் லேசாகி மேலேயே மிதக்கும். அப்புறம் குளிர வேண்டியது மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே. உறைநிலையும் மைனஸ் 0.3 டிகிரிதான், பெருங்கடலுக்கு அது மைனஸ் 1.9. காற்றில்லாத ஒரே ஒரு கடுங்குளிர் இரவு போதும், காலையில் படகுத்துறையை ஒட்டிக் கண்ணாடி போல மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும்.

சரி, உறைந்த கடலில் கப்பல் எப்படிப் போகிறது? பனியுடைப்புக் கப்பல் பனியை அறுத்துக்கொண்டு போவதில்லை. சரிவான அதன் முன்பகுதி பனிமேல் ஏறி, தன் எடையால் அதை வளைத்து முறிக்கிறது. பனி அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. 1954-ல் வந்த ‘வோய்மா’ என்ற பனியுடைப்புக் கப்பலில் முன்புறமும் இரண்டு உந்துவிசிறிகள் வைத்தார்கள். அவை பனிக்கு அடியிலுள்ள நீரை இழுத்து உடைப்பதை எளிதாக்கின. கோடையில் போனால், ஹெல்சின்கியின் கதயனோக்கா கரையில் பனியுடைப்புக் கப்பல்கள் ஓய்வில் நிற்பதைப் பார்க்கலாம். அவசியம் பாருங்கள்.

மே மாதத்தில் உள்நாடு சூடாகிவிட்டாலும் கரையோரம் குளிராகவே இருக்கும். கடல் சூடேற நாளாகும். இலையுதிர்காலத்தில் இது தலைகீழ்: கடல் சேர்த்துவைத்த வெப்பம் நகரைக் கொஞ்சம் கதகதப்பாக வைத்திருக்கும்.

ஜூலையில் கடலில் குளிக்க நினைப்பவர்கள் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. தென்மேற்குக் காற்று சில நாட்கள் தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சி மேல்நீரை வலப்பக்கம் திருப்பிக் கரையிலிருந்து விலக்கிவிடும். அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் ஏறிவரும். நீரின் வெப்பநிலை 10 டிகிரி அளவுக்குக்கூடக் குறையும். கூடவே வரும் பாஸ்பரஸ், வெயில் திரும்பியதும் நீலப்பச்சைப் பாசிக்குத் தீனியாகிறது.