காந்தம் ஒட்டலையா? அதனால் என்ன!

இந்த மாதத்தில் இது நாலாவது கேஸ். காசிமேட்டில் மாடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி போட்ட ஒருவர், அறுத்த குழாய்த் துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எங்கள் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, வெல்டிங் ஓரமெல்லாம் டீக்கறை மாதிரி துரு. “கடையில காந்தம் வெச்சுப் பாத்துதான் சார் வாங்கினேன். ஒட்டவே இல்ல! ஒட்டலைன்னா நல்ல ஸ்டீல், துருப்பிடிக்காதுன்னாங்களே!”

மெஷினில் வைத்தேன். குரோமியம் 13 சதவீதம், நிக்கல் ஒன்றை ஒட்டி, மாங்கனீசு 9. அவர் காசு கொடுத்தது 304 என்கிற கிரேடுக்கு. அதில் குரோமியம் 18, நிக்கல் 8 இருக்க வேண்டும்.

எத்தனை தடவை சொல்வது? காந்தம் துருவைப் பற்றி எதுவும் சொல்லாது. உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைத்தான் சொல்லும். சாதாரண இரும்பில், கனசதுரத்தின் மூலைகளிலும் நட்டநடுவிலும் அணு இருக்கும், காந்தம் ஒட்டும். போதுமான நிக்கல் சேர்த்தால் நடுவில் இருப்பது போய், ஒவ்வொரு முகத்தின் மையத்திலும் அணு வந்து உட்காரும், காந்தம் ஒட்டாது. நிக்கல் விலை அதிகம். அதனால் அதைக் குறைத்து மாங்கனீசும் நைட்ரஜனும் போடுகிறார்கள். அடுக்கு அதேதான், காந்தமும் ஒட்டாது. ஆனால் நிக்கல் குறைந்தால் அந்த அடுக்கைக் காப்பாற்றக் குரோமியத்தையும் குறைத்தாக வேண்டும். துருவைத் தடுப்பதே குரோமியம்தான்!

   

தலைகீழ்க் கதையும் உண்டு. தண்டையார்பேட்டை அக்கா ஒருவர், மூலையில் காந்தம் லேசாக ஒட்டுகிறது என்று நல்ல 304 சிங்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அழுத்தி வளைத்த இடத்தில் 304-உம் கொஞ்சம் ஒட்டும். இண்டக்‌ஷன் பாத்திரத்தின் அடியில் இருக்கும் 430-இல் நன்றாகவே ஒட்டும். ஆனால் அதில் குரோமியம் 16-க்குக் குறையாது. இந்தக் கைப்பிடியைவிட அது எவ்வளவோ மேல்.

பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். காயலான் கடைக்காரரே பேட்டரி வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறார். மாங்கனீசு ஜாஸ்தி இருந்தால் சிவக்கும். ஆயிரக்கணக்கில் கொட்டுகிற உங்களுக்கு அது பாரமா? ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலைப் பார்த்த வீடாக இருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்து மாலிப்டினம் உள்ள 316 போடுங்கள். உப்புக் காற்று 304-ஐயே விடாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடையுங்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக் கூடாது, தயவுசெய்து.

காசிமேட்டுக்காரர் கிளம்பும்போது, “பெயின்ட் அடிச்சிடலாமா சார்?” என்று கேட்டார். அடியுங்கள். துருவைச் சுரண்டிவிட்டு அடியுங்கள். அடுத்த வருஷமும் அடிக்க வேண்டியிருக்கும்.