‘எம்ஐஐ’ எனத் தொடங்கும் கோப்புக்குள் என்ன இருக்கிறது?

சிஇஆர், சிஆர்டி, பிஇஎம் என்று முடியும் கோப்பைக் கண்டால் பலருக்கு அதைத் தொடவே தயக்கம். வங்கி, வருமான வரி, பாதுகாப்பு என்ற பேச்சோடு சேர்ந்து வருவதால் உள்ளே ஏதோ ரகசியம் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் டிஜிட்டல் சான்றிதழ் ஊரறியக் காட்டுவதற்கென்றே உருவானது. ஒரு பெயர், அந்தப் பெயருக்குரிய பொதுச் சாவி (அவர் போடும் கையொப்பத்தை மற்றவர்கள் சரிபார்க்க உதவும் நீண்ட எண்), இரண்டும் ஒருவருக்கே உரியவை என்று இன்னொருவர் போட்ட கையொப்பம்: சாரம் இவ்வளவுதான். பாதுகாப்பான இணையதளம் எதைத் திறந்தாலும் அதன் சான்றிதழ் முதலில் உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

படித்துப் பழக நல்ல கோப்பு ஒன்று உண்டு. கோடிக்கணக்கான இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ், அதாவது அவர்கள் வழங்குபவற்றுக்கெல்லாம் உச்சியில் நிற்கும் சான்றிதழ், அது. பெயர் ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’. அவர்களுடைய தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அதன் பிஇஎம் வடிவத்தை நோட்பேடில் திறந்தால், ‘பிகின் சர்டிஃபிகேட்’ என்ற வரிக்குக் கீழே வரிக்கு 64 எழுத்தாக 29 வரிகள் பொருள் புரியாமல் ஓடும். அந்தக் குவியல் தொடங்கும் இடத்தைப் பாருங்கள்: எம், ஐ, ஐ. வேறு சான்றிதழ்களைத் திறந்தாலும் பெரும்பாலும் இதே மூன்று எழுத்துகள்தான் முதலில் நிற்கும். சான்றிதழின் அசல் வடிவம் வெறும் பைட்டுகளின் வரிசை. அதை மின்னஞ்சலில் சிதையாமல் அனுப்புவதற்காக மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 முறை பிஇஎம் கோப்பில் பயன்படுகிறது. எழுத்துகளைத் திரும்பப் பைட்டுகளாக்கினால், பதினாறடிமான எண்களில் (ஹெக்ஸாடெசிமல்: 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப்), 30 82 05 6பி என்று தொடங்கும். 30 என்றால் ‘பல உறுப்புகள் கொண்ட தொகுப்பு ஒன்று வருகிறது’ என்று பொருள். 82 என்றால் ‘அதன் நீளம் அடுத்த இரண்டு பைட்டுகளில் இருக்கிறது’. 056பி என்பது நம் கணக்கில் 1387. தலைப்பிலுள்ள நான்கு பைட்டுகளையும் சேர்த்தால் 1391. இதே சான்றிதழை, பைட்டுகளை அப்படியே வைத்திருக்கும் டெர் வடிவத்தில் இறக்கி அளவைப் பாருங்கள், சரியாக 1391 பைட் இருக்கும். புரியாத எழுத்துக் குவியலுக்குள் இத்தனை ஒழுங்கு இருப்பது எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது.

இந்தக் கணக்கையெல்லாம் கையால் போடத் தேவையில்லை. விண்டோஸில் கோப்பின் பெயர் சிஆர்டி அல்லது சிஇஆர் என்று முடிந்தால், இருமுறை சொடுக்கியதும் அழகாகப் பிரித்துக் காட்டிவிடும். பிஇஎம் என்று முடிந்தால் மட்டும் என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. பெயரின் வாலை சிஆர்டி என்று மாற்றிவிட்டால் போதும். ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் யாருக்கு வழங்கப்பட்டது, யார் வழங்கியது, 2015 ஜூன் 4 முதல் 2035 ஜூன் 4 வரை செல்லும், சாவி 4096 பிட் ஆர்எஸ்ஏ என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். கடைசியில் வரும் ‘தம்ப்பிரிண்ட்’ கோப்புக்குள் எழுதப்பட்டது அன்று. சான்றிதழின் எல்லாப் பைட்டுகளையும் வைத்து விண்டோஸ் அந்த நேரத்தில் கணக்கிட்டுக் காட்டுவது. அவற்றில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பெற்றவர் பெயரும் வழங்கியவர் பெயரும் ஒன்றாகவே இருப்பது. தனக்குத் தானே சாட்சிக் கையெழுத்து போட்டுக்கொண்ட பத்திரம் போன்றது மூலச் சான்றிதழ். சாதாரண இணையதளச் சான்றிதழில் வழங்கியவர் வேறொருவர்; அவருடைய பொதுச் சாவியைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். அவருக்குச் சான்றளித்தவர் யார் என்று மேலே ஏறினால் முடிவில் ஒரு மூலத்தில் போய் நிற்போம். அதற்கு மேல் கணக்கு எதுவும் உதவாது. விண்டோஸோ உலாவியோ தன்னுடைய பட்டியலில் அந்த மூலத்தை வைத்திருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

மின்-ஆதார் பிடிஎஃப்பை அடோபி ரீடரில் திறந்தால் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரிவதும் இதனால்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்கீழ் அமைந்த இந்திய மூலச் சான்றிதழில் போய் முடிகிறது அந்தக் கையொப்பத்தின் சங்கிலி. ரீடர் தன் பட்டியலில் அந்த மூலத்தைக் காணாததால் கேள்விக்குறி போடுகிறது. ஆவணம் போலி என்பது அதன் பொருளாகாது.

ஆகவே திறந்து படிப்பதற்கு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, பக்கத்திலேயே இருக்கும் ‘இன்ஸ்டால் சர்டிஃபிகேட்’ பொத்தானுக்கு. முன்பின் தெரியாத ஒரு மூலச் சான்றிதழை நம்பகமான மூலங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டால், அதன் ரகசியச் சாவியை (கையொப்பம் போடப் பயன்படும் சாவி) வைத்திருப்பவர் எந்த வங்கியின் பெயரிலும் போலிச் சான்றிதழ் தயாரிக்கலாம். உங்கள் உலாவி வாய் திறக்காது. 2011-இல் சான்றிதழ் வழங்கிவந்த நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரில் சான்றிதழ் உருவாக்கினார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை வேவு பார்க்க அது பயன்பட்டது. வடிவத்தில் அந்தச் சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. உலாவிகள் தங்கள் பட்டியலிலிருந்து டிஜிநோட்டாரை நீக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது.

இன்னொரு வகைக் கோப்பும் இருக்கிறது: பிஎஃப்எக்ஸ் அல்லது பி12. பார்க்க ஒரே குடும்பம்போலத் தோன்றினாலும் இதில் சான்றிதழோடு ரகசியச் சாவியும் இருக்கும். சொடுக்கினால் படித்துக் காட்டாமல் நேரே நிறுவும் படிகளுக்குப் போகும், கடவுச்சொல் கேட்கும். யாராவது ‘உங்கள் சான்றிதழை அனுப்புங்கள்’ என்றால் சிஇஆர் கோப்பைத் தாராளமாக அனுப்பலாம். பிஎஃப்எக்ஸ் கோப்பை எவருக்கும் அனுப்பக் கூடாது, கடவுச்சொல் போட்டிருந்தாலும். இந்தியாவில் வரித் தாக்கலுக்கும் டெண்டருக்கும் தரப்படும் கையொப்பச் சாவிகளை, பென்டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே உருவாக்கி வெளியே எடுக்க முடியாதபடி வைப்பது இந்த ஆபத்துக்காகத்தான்.

டோக்கன் தொலைந்தாலோ சாவி கசிந்ததாகச் சந்தேகம் வந்தாலோ, வழங்கிய அமைப்பிடம் உடனே சொல்லிச் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். ரத்துப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறாது. ‘சீரியல் நம்பர்’ என்று ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் இருக்கும் நீண்ட எண்தான் ஏறும். டோக்கன் கையில் இருக்கும்போதே அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.